பாற்பண்ணையும் விருந்தோம்பலும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் நின்று பேசுதற்குரிய கல்வியும் நாவன்மையும் எம்மிடம் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சாணம் வாரி, தீனி வைத்து, பால் கறந்து, பால் சங்கத்து வண்டி வருமுன் கேன்களை வாயிலில் கொண்டு வைப்பதே எமது வித்தை. ஆயினும் நமது காரியதரிசியவர்கள் எம் பண்ணைக்கு நேரில் வந்து, "நான்கு தலைமுறையாக மாடு வைத்து வாழ்கின்றீர்கள்; இப்பொழுது அயலாரை வரவேற்றுப் பண்ணையைக் காட்டியும் வருகின்றீர்கள்; இதனால் விளைந்த நன்மை தீமைகளை நம்மவர்க்கு எடுத்துச் சொல்லல் வேண்டும்" என்று பணித்தார்கள். பெரியோர் சொல்லைத் தட்டுதற்கு அஞ்சி உடன்பட்டோம். நன்மையை மட்டும் சொல்லிப் போவது எளிது. யாம் நாணித் தலை குனிந்த இடத்தையும் சொல்லவே வந்திருக்கின்றோம். அதனைப் பொறுமையோடு கேட்டருள வேண்டுகின்றோம்.

குடும்ப வரலாறு

எமது ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட செம்மண் காடு. அங்கே மழை குறைவு, கிணறோ ஆழம். அந்நிலத்தில் பிழைப்பதற்கு நம் முன்னோர் கண்ட உபாயம் கொறங்காடு என்பது. முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, நிலத்தைப் பல கூறாக வகுத்து, கொழுக்கட்டைப்புல்லைத் தழையவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை வளர்த்து, ஒரு கூற்றில் மேயவிட்டு மறுகூற்றை ஆறவிடுவது அதன் முறை. கோடையில் புல் காய்ந்துபோனாலும் வெள்வேல நெற்று உதிர்ந்து கால்நடைக்கு உணவாகும். காங்கேயம் மாடு அக்காட்டின் பிள்ளை. காய்ந்த தட்டைத் தின்று, வெயிலைத் தாங்கி, பாரத்தை இழுக்கும் வன்மை அதற்கு உண்டு. அவ்வினத்தைத் தேர்ந்து பேணி வளர்த்த பெருமை பழையகோட்டைப் பட்டக்காரர் மரபினர்க்குப் பெரிதும் உரியது என்பதை இவ்வவையினர் அறிவர்.

எம் பாட்டனார் காலத்தில் பால் என்பது ஒரு வியாபாரம் அன்று. எருது வேண்டியே பசு வளர்த்தனர். கவலை இறைக்கவும், ஏர் உழவும், பொதி வண்டி இழுக்கவும் எருது வேண்டும். கன்று குடித்து எஞ்சிய பாலைத் தயிராக்கி, வெண்ணெய் எடுத்து, நெய் உருக்கிச் சந்தைக்கு அனுப்புவது எம் பாட்டியாரின் சம்பாத்தியம். பின்னர்க் கிணற்றுக்கு மின்சார மோட்டாரும் உழவுக்கு டிராக்டரும் வந்தன. எருதின் வேலை போயிற்று. வேலை போகவே மதிப்பும் போயிற்று.

எம் தந்தையார் காலத்தில் வேறொரு கதவு திறந்தது. 1946-ஆம் ஆண்டில் குஜராத்திலுள்ள கெயிரா ஜில்லாக் குடியானவர்கள் தரகரை ஒதுக்கித் தாமே ஒன்றுகூடி அமைத்த பால் கூட்டுறவு, 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் வழியாக நாடெங்கும் பரவிற்று. நம் ஊர்களிலும் பால் சங்கங்கள் எழுந்தன. ஜெர்ஸி கலப்புப் பசுக்கள் வந்தன. ஒரு காங்கேயம் பசு கன்றுக்குப் போக நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் கறந்தால் நன்று என்போம். கலப்புப் பசுவோ அதனைப் போல் நாலைந்து மடங்கு கறக்கும். எம் தந்தையார் கலப்புப் பசுக்களைக் கட்டுத்தறியில் நிறுத்திக் கடனை அடைத்தார். ஆனால் காங்கேயம் பசு நான்கினைக் கொறங்காட்டை விட்டு அகற்றவில்லை. "இது வருமானத்துக்கு, அது மானத்துக்கு" என்பது அவர் வாக்கு. இன்று எம் பண்ணையில் சிறிதும் பெரிதுமாக இருபத்தாறு உருப்படிகள் உள்ளன. அவற்றுட் பதினொன்று அந்நான்கு பசுக்களின் வழி வந்தவை.

வாயிலைத் திறந்த காரணம்

கறவைத் தொழிலில் செலவின் பெரும்பங்கு தீனிக்கே போகின்றது. புண்ணாக்கின் விலை ஏறும்பொழுது பாலின் விலை உடன் ஏறுவதில்லை. சோளத்தட்டுப் போர் முன்போல் கிடைப்பதில்லை. பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் கோயமுத்தூர் உத்தியோகங்களுக்கும் செல்லுகின்றனர். பாட்டனார் காட்டைத் தந்தையார் பாகம் பிரித்தார்; அதனையே யாமும் பிரித்தால், மேய்ச்சலுக்குச் சுழற்றிவிடக் கூறு எஞ்சாது. ஆகவே மாட்டை விற்பதா, காட்டை விற்பதா என்னும் கேள்வி எம் திண்ணையில் எழுந்தது.

அக்காலத்தில், அதாவது 2017 தை மாதத்தில், ஏறு தழுவுதலின் பொருட்டு நாட்டில் எழுந்த கிளர்ச்சி யாவரும் அறிந்ததே. அதன்பின் நகரத்தார் பலருக்கு நாட்டு மாட்டைக் காணும் ஆவல் உண்டாயிற்று. கோயமுத்தூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, "காங்கேயம் காளை இங்கே உண்டா?" என்று வேலியோரம் நின்று கேட்டனர். எம் தம்பியின் மனைவியார்தாம் முதலில் சொன்னார்: "வருகிறவர்களை வெயிலில் நிறுத்திப் பேசுவானேன்? உள்ளே அழைத்துக் காட்டுவோம், உணவிடுவோம், அதற்கொரு கட்டணமும் பெறுவோம்."

எம் தமையனார்க்கு அது பிடிக்கவில்லை. "பால் விற்றோம், சரி. வந்தவர்க்குச் சோறிட்டுக் காசு வாங்குவதா?" என்று சினந்தார். அவர் சினத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. முடிவில் எண்பது வயதைக் கடந்த எம் அன்னையாரைக் கேட்டோம். "வந்த சனத்துக்கு மோர் குடுக்காத வூடு எதுக்குக் கண்ணு? குடுக்கறதுக்கு நம்மகிட்ட மாடு இருக்கோணுமல்ல? காசு வாங்குங்க, ஆனாச் சந்தையாக்கிப் போடாதீங்க" என்றார். மோருக்கும் பாலுக்கும் காசு இல்லை. சுற்றிக் காட்டுவதற்கும் உணவுக்கும் மட்டும் கட்டணம் என்று அன்று தீர்மானம் ஆயிற்று.

இது புதுமையும் அன்று. இத்தாலி தேசத்தில் 1985-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றினர். உழவே தலைமைத் தொழிலாக இருத்தல் வேண்டும், விருந்து அதற்குத் துணையாக மட்டும் அமைதல் வேண்டும் என்பது அதன் கருத்து. மகாராட்டிர அரசினர் 2020-இல் வேளாண் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்தனர். நம் நாட்டுப் பால்வளத்தின் வரலாற்றிலேயே ஒரு விருந்தினரின் வருகை பெரும் பயன் விளைத்ததுண்டு. 1964-இல் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரியார் ஆனந்துக்குச் சென்றபொழுது, அதன் அருகே அஜர்புரா என்னும் கிராமத்தில் ஓரிரவு குடியானவர் வீட்டில் தங்கி, அவர்களோடு பேசி, பால் கூட்டுறவு நடக்கும் விதத்தைத் தாமே கண்டறிந்தார். மறு ஆண்டே தேசியப் பால்வள வாரியம் தோன்றிற்று. வீட்டிற்குள் வந்து காண்பவர் கண்ணுக்கு அத்தகைய சக்தி உண்டு. அக்கண் எம்மையும் கண்டது. அதனால் யாம் கற்ற பாடங்கள் மூன்றினை இனிச் சொல்லுவோம்.

முதற் பாடம்: உயிர் நலம்

விருந்தினர் வருவது மகிழ்ச்சியே. ஆனால் அவர்தம் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக் கோமாரிக் கிருமி வரக்கூடும். 2001-இல் இங்கிலாந்தில் கோமாரி பரவியபொழுது அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. 2013-இல் நம் தமிழ்நாட்டிலும் அந்நோய் பரவிக் குடியானவர் பலர் கறவையை இழந்தனர். ஆதலின் எம் வாயிலில் சலவைச் சோடா கரைத்த நீர்த்தொட்டி உண்டு. அதில் கால் நனையாமல் எவரும் உள்ளே வருதல் இல்லை. வேறு பண்ணையைப் பார்த்துவிட்டு அன்றே வருபவர் யாராயினும் கட்டுத்தறிக்குள் விடுவதில்லை. 2022-இல் தோல் கழலை நோய் பல மாநிலங்களில் பரவியபொழுது, ஊரில் அது அடங்கும்வரை வாயிலை யாமே மூடினோம். அது மனிதரைத் தொற்றாது. ஈயாலும் கொசுவாலும் மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவுவது. ஆயினும் நோயுற்ற பசுவின் முன் கூட்டம் கூடுதல் தகாது என்று கருதினோம்.

மாட்டினால் மனிதர்க்கு வரும் தீங்கும் உண்டு. 2009-இல் இங்கிலாந்தில் பொதுமக்கள் வந்து காணும் பண்ணை ஒன்றில், கால்நடைச் சாணத்திலுள்ள கிருமியால் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவருட் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். கன்றைத் தடவிய கையைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவாமல் வாயில் வைத்தலே இத்தகைய கேட்டுக்கு வழி. கையில் தடவிக்கொள்ளும் மருந்துத் தைலம் இதற்குப் போதாது. எனவே கைகழுவும் குழாய்களைக் குழந்தைகள் உயரத்துக்கே அமைத்தோம். பச்சைப் பாலைக் குடிக்க வேண்டுமென்று சிலர் ஆவலோடு கேட்பர். எவர் கேட்பினும் கொடோம். காய்ச்சாத பாலால் கருச்சிதைவு நோய்க் கிருமியும் காசநோய்க் கிருமியும் மனிதரைச் சேரக்கூடும்.

இரண்டாம் பாடம்: உண்மை

நகரத்துக் குழந்தைகள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லுதல் எளிதன்று. காங்கேயம் கன்று பிறக்கும்பொழுது செந்நிறமாக இருந்து, சில திங்களில் சாம்பல் நிறமாவதைக் காட்டினால் வியந்து நிற்பர். கன்று முட்டினால்தான் தாய் பாலைச் சுரக்கும் என்றால் அதனைக் கண்டு களிப்பர். அவ்வளவில் நின்றால் எமக்கும் இன்பமே. ஒரு நாள் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, கலப்புப் பசுக்களின் கன்றுகளை எண்ணிப் பார்த்து, "எல்லாம் பொம்பளைக் கன்னாவே இருக்குதே, ஆம்பளைக் கன்னு எங்கே?" என்று கேட்டது.

என்ன சொல்லுவது! கலப்பினக் காளைக்கன்றுக்கு ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. அதனைச் சில வாரங்களில் தரகரிடம் விற்றுவிடுதல் தொழிலின் வழக்கம். எம் தம்பி, "வேறு காட்டில் மேய்கிறது" என்று பொய் சொன்னான். அன்றிரவு அவனுக்கும் உறக்கம் இல்லை, எமக்கும் இல்லை. நாம் செய்வதைக் குழந்தையிடம் சொல்ல முடியவில்லையாயின், சொல்லும் முறை தவறா, செய்கையே தவறா என்று ஆராய்ந்தோம். இன்று பாலினம் பிரித்த உறைவிந்து கிடைக்கின்றது. அதனைப் பயன்படுத்திப் பெரும்பாலும் கிடாரிகளே பிறக்கச் செய்கின்றோம். அது கூடுதல் செலவே. அப்படியும் பிறக்கும் காளைக்கன்றுக்குச் சீம்பாலும் பாலும் குறைவின்றிக் கொடுத்து வளர்த்து, வயது வந்தபின்னரே விற்கின்றோம். விற்கின்றோம் என்பதை மறைப்பதும் இல்லை. கேட்ட குழந்தைக்கு, "விற்றுவிட்டோம் அம்மிணி, எல்லாவற்றையும் வைத்துக் காக்க எங்களால் முடியவில்லை" என்று சொல்லுகின்றோம். சில குழந்தைகள் அழுவதுண்டு. பொய்யினும் அது நன்று.

மூன்றாம் பாடம்: குவளை

இனிச் சொல்லுவதே யாம் நாணிய இடம்.

எம் பட்டியை மேய்த்துக் காத்து வருபவர் ஒரு பெரியவர். அவர் தந்தையார் எம் பாட்டனாரிடத்தில் இருந்தவர். எப்பசு என்று சினைப்பட்டது, எது எவ்வேளையில் ஈனும், எதற்கு மடிவீக்கம் வரும் என்பதெல்லாம் அவர் கைவிரலில் இருக்கும். ஈற்று முடங்கிய பசுவை மருத்துவர் வருமுன் தாங்கிக் காத்த இரவுகள் பல. அவருக்கு எம் வீட்டில் குறை வைக்கவில்லை என்றே யாம் எண்ணியிருந்தோம். கூலி கொடுத்தோம், பொங்கலுக்கு வேட்டி கொடுத்தோம், அவர் மகளின் திருமணத்துக்கு உதவினோம். ஆனால் அவர் காபி குடிக்கும் அலுமினியத் தம்ளர் மட்டும் மாட்டுச்சாலையின் இறவாரத்தில் செருகியே இருந்தது. அவரே அதனை எடுப்பார். எம் வீட்டார் உயர நின்று ஊற்றுவர். அவரே கழுவிச் செருகுவார். எமக்குப் பிறவி முதல் பழகிய காட்சி. ஆதலால் அது எம் கண்ணில் பட்டதே இல்லை.

ஒரு மார்கழியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பதின்மர் வந்தனர். பசுக்களைப் பற்றி அவர்களுக்கு எடுத்துரைத்தவர் அப்பெரியவரே. பிள்ளைகள் அவரை விட்டு அகலவில்லை. பின்னர்த் திண்ணையில் அமர்த்தி எல்லார்க்கும் சுக்குப் பால் கொடுத்தோம். அப்பிள்ளைகளின் சாதியை யாம் கேட்கவில்லை. கேட்க எண்ணவும் இல்லை. எல்லார்க்கும் ஒரே வெள்ளித் தம்ளர்தான். அப்பொழுது ஒரு சிறுவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய், "தாத்தா, நீங்களும் குடிங்க" என்று பெரியவரிடம் நீட்டினான். அவர் இரண்டடி பின்வாங்கி, "எனக்கு அங்க தனியா இருக்குதுங்க சாமி" என்று இறவாரத்தைக் காட்டினார். சிறுவன் நிமிர்ந்து அதனைப் பார்த்தான். பிறகு எம்மைப் பார்த்தான். "ஏன்?" என்று மட்டும் கேட்டான்.

எமக்கு விடை இல்லை. அவனை அழைத்து வந்த ஆசிரியை தலை கவிழ்ந்தார். எங்கோ இருந்து வந்த முப்பது பிள்ளைகளுக்கு இல்லாத விலக்கு, மூன்று தலைமுறையாக எம் உயிர்ச் செல்வத்தைக் காத்தவர்க்கு இருந்தது. காரணம் யாதெனில், அவரது பிறப்பை யாம் அறிந்திருந்தோம். பிள்ளைகளின் பிறப்பை அறியோம். அறியாமையால் வந்த சமத்துவம் எம் பெருமை ஆகுமா?

அன்பர்களே! நாள்தோறும் பால் சங்கத்தில் என்ன நடக்கின்றது? நம் பசுவின் பாலும், காலனியில் ஒற்றைப் பசு வைத்திருக்கும் அம்மையாரின் பாலும் ஒரே கேனில் ஊற்றப்படுகின்றன. கொழுப்பும் திடச்சத்தும் பார்த்து விலை இடுகின்றார்களேயன்றிக் கொணர்ந்தவர் குலம் பார்த்து இடுவதில்லை. அக்கேனிலிருந்து சென்ற பாலையே பாக்கெட்டில் வாங்கி நாமும் நகரத்தில் குடிக்கின்றோம். பாலில் இல்லாத பேதத்தைத் தம்ளரில் வைத்திருந்தோம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று பள்ளியில் யாமும் படித்தவர்களே. சட்டம் எம் இறவாரம் வரையில் வர இத்தனை ஆண்டு ஆயிற்று.

அன்று மாலை எம் அன்னையார் மாட்டுச்சாலைக்குச் சென்று, கையூன்றிய கோலாலேயே அத்தம்ளரைத் தட்டிக் கீழே வீழ்த்தினார். "அம்பது வருசமா நாந்தான் ஊத்துனேன். இந்தப் பாவத்துல பெரும்பங்கு என்னுது" என்றார். மறுநாட் காலையில் திண்ணையில் பெரியவர்க்கு வெள்ளித் தம்ளர் வைத்தோம். அவர் உடனே வந்து அமர்ந்துவிட்டார் என்று சொன்னால் அது கதையாகும். பல மாதம் நின்றபடியே குடித்தார். இவர்கள் மனம் மாறினால் நம் நிலை என்னாகும் என்று அவர் அஞ்சியதாகப் பின்னர் அறிந்தோம். அவ்வச்சத்தை உண்டாக்கியவர் யாமே. ஆகையால் அதனைப் போக்கும்வரை காத்திருத்தல் எம் கடமை ஆயிற்று. உறவினருள் ஒரு வீட்டார் அவ்வாண்டு எமக்கு அழைப்பு அனுப்பவில்லை. அதனையும் ஏற்றுக்கொண்டோம்.

கூலியிலும் ஒரு திருத்தம் செய்தோம். விருந்தினர் காண வருவது மாட்டை; மாட்டைப் பற்றி அறிந்தவரோ அவர். எனவே சுற்றிக் காட்டும் கட்டணத்தில் மூன்றிலொரு பங்கு அவருக்கென்று கணக்கில் எழுதினோம். அது தருமம் அன்று; அவர் கல்விக்குரிய ஊதியம்.

வரவு செலவு

இளைஞர்கள் கேட்க விரும்புவது இலாப நஷ்டம். விருந்தினரால் வரும் வரவு எம் மொத்த வரவில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படவில்லை. மேற்பட விடவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், நாளொன்றுக்கு நாற்பது பேர் என்று வரையறை செய்துள்ளோம். கறவை வேளையில் கூச்சல் கூடாது. மிரண்ட பசு பாலை அடக்கிவிடும். ஆயினும் அவ்வைந்திலொரு பங்கு புண்ணாக்கு விலை ஏறிய காலத்தில் எம்மைக் காத்தது. காங்கேயம் பசுக்களை விற்காமல் காத்தது. அதனினும் பெரிய இலாபம், பாகப் பிரிவினை நின்றது. காடு பிரிந்தால் காண எவரும் வாரார் என்பது கண்டு, சகோதரர்கள் நிலத்தை ஒன்றாகவே வைத்து வருமானத்தை மட்டும் பங்கிட இசைந்தோம். அப்பங்கில் பெண்மக்களுக்கும் சமபாகம் உண்டு. 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுமைக்கும் சட்டம் அளித்த உரிமையை, கையெழுத்து வாங்கிக் கழித்துவிடும் வழக்கத்தை எம் வீட்டில் நிறுத்தினோம்.

விண்ணப்பம்

முடிவாக, இவ்வவைக்கு எமது விண்ணப்பம் மூன்று.

முதலாவது: மேய்ச்சற் காட்டை மனையாக்கி விற்குமுன் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஆலோசியுங்கள். தனித்து நிற்கும் நான்கு ஏக்கரால் ஆகாதது, சேர்ந்த பன்னிரண்டு ஏக்கரால் ஆகும். ஜெர்ஸி என்பது ஒரு சிறு தீவின் பெயர். அத்தீவினர் 1789-ஆம் ஆண்டிலேயே வெளிமாடு உள்ளே வரலாகாது என்று ஒன்றுகூடித் தடை விதித்துத் தம் இனத்தைப் பேணினர். இன்று அம்மாடு உலகெங்கும் உள்ளது. நம் இனத்தைப் பேண நமக்கும் அத்தகைய ஒற்றுமை வேண்டும்.

இரண்டாவது: பண்ணையை அயலார்க்குக் காட்ட விரும்புவோர், முதலில் ஒரு நாள் அயலார்போல் நின்று தம் வீட்டைத் தாமே பார்த்தல் வேண்டும். இறவாரத்தில் ஏதேனும் செருகியிருக்கின்றதா என்று பாருங்கள். இருப்பின், ஒரு குழந்தை வந்து கேட்கும்வரை காத்திராதீர்கள். யாம் காத்திருந்தோம், அதுவே எம் குறை.

மூன்றாவது: நமது சங்கம் நம்மவர் நலத்துக்கென எழுந்தது. நம்மவர் என்னும் சொல்லின் எல்லை எது என்பதை இளைஞர்கள் சிந்தித்தல் வேண்டும். எம் பசுக்களைக் கேட்டால், எம்மினும் அப்பெரியவரையே நம்மவர் என்று அவை சொல்லும்.

இப்பொழுது அவர் திண்ணையில் அமர்ந்துதான் காபி குடிக்கின்றார். எம் அன்னையார் எதிரில் அமர்ந்து, எந்தப் பசு என்று ஈனும் என்பது பற்றி அவரோடு வாதாடுகின்றார். பெரும்பாலும் அவர் கணக்கே பலிக்கின்றது. எம் பண்ணைக்கு வரும் அன்பர்கள் அக்காட்சியையும் காணலாம். அதற்குக் கட்டணம் இல்லை.